உள்ளூர் அறக்கட்டளை விருதா, அரசு உதவித்தொகையா? பிளஸ் டூ முடித்த மாணவியருக்கான ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளியானதும், நல்ல மதிப்பெண் பெற்ற மாணவியின் வீட்டுக்கு இரண்டு திசைகளிலிருந்து செய்தி வருகிறது. ஊரிலுள்ள அறக்கட்டளையோ, ரோட்டரி அல்லது லயன்ஸ் சங்கமோ, பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமோ, சமுதாயச் சங்கமோ அவளைச் சிறந்த மாணவியாகத் தேர்ந்தெடுத்து, மேடையில் கேடயமும் காசோலையும் தருவதாக அழைக்கிறது. மறுபுறம் புதுமைப் பெண், பிரகதி, இன்ஸ்பயர், மத்தியத் துறை உதவித்தொகை என்று அரசுத் திட்டங்களின் பெயர்கள் ஆசிரியர் வழியாகவும் உறவினர் வழியாகவும் காதில் விழுகின்றன. உள்ளூர் விருதை வாங்கிக்கொண்டால் அரசுத் தொகை கைவிட்டுப் போய்விடுமா, இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாமா, அரசுத் திட்டங்களுக்குள் எதை விட்டு எதைப் பிடிப்பது என்பவையே வாசகியரும் அவர்களுடைய பெற்றோரும் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகள்.

என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்கள் தேர்வு செய்ய வேண்டிய இடத்தைத் தவறாகக் குறித்துக்கொள்கின்றன. ஒருமுறை தரப்படும் உள்ளூர்ப் பரிசுக்கும் ஆண்டுதோறும் வரும் அரசு உதவித்தொகைக்கும் இடையே போட்டி அரிதாகவே எழுகிறது. ஒன்றை எடுத்தால் மற்றொன்றை இழக்க நேரிடும் உண்மையான முரண்பாடு, அரசுத் திட்டங்களுக்கு இடையில்தான் இருக்கிறது. அங்கே முதல் ஆண்டில் அவசரமாக எடுத்த முடிவு கடைசி ஆண்டு வரை தொடர்ந்து வரும்.

## அளவுகோல்கள்

தொகையை மட்டும் பார்த்து ஒப்பிடுவது எளிது. ஆனால் அது பாதி உண்மையைத்தான் காட்டும். கீழுள்ள ஒவ்வொரு வாய்ப்பையும் ஐந்து கேள்விகளைக் கொண்டு எடை போட்டிருக்கிறேன்.

முதலாவது, தகுதி. மாணவி படித்த பள்ளி, குடும்ப வருமானம், மதிப்பெண், சேரப்போகும் படிப்பு ஆகிய நான்கில் எதன் அடிப்படையில் கதவு திறக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, படிப்பு முடியும்வரை வந்து சேரும் மொத்தத் தொகை. முதல் காசோலையில் எழுதியிருக்கும் தொகை இதற்கு அளவாகாது. மூன்றாவது, பணம் வரும் நேரம். கல்லூரிக் கட்டணம் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கட்டியாக வேண்டியிருக்க, உதவித்தொகை கல்வியாண்டின் பின்பாதியில் வந்தால் இடைப்பட்ட மாதங்களுக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். அந்தக் கடனின் வட்டியையும் உதவித்தொகையிலிருந்து கழித்தே கணக்கிட வேண்டும். நான்காவது, அடுத்த ஆண்டும் தொடர்வதற்கான நிபந்தனை. ஐந்தாவது, மற்ற உதவிகளோடு சேர்த்துப் பெறலாமா என்பது. இந்த ஐந்தாவது கேள்விக்குத்தான் விண்ணப்பிக்கும் முன் விதியைப் பார்த்து விடை தேடுபவர்கள் குறைவு. பின்னால் பெரும்பாலான சிக்கல்கள் முளைப்பதும் அதிலிருந்துதான்.

## ஒரே பார்வையில்

| வாய்ப்பு | யாருக்கு | தொகை | தொடர நிபந்தனை |
|---|---|---|---|
| உள்ளூர் விருது | ஊர், பள்ளி, சமுதாயம் போன்ற எல்லைக்குள் சிறந்த மாணவி | பெரும்பாலும் ஒருமுறை மட்டும் | வழங்குபவரைப் பொறுத்தது |
| புதுமைப் பெண் | 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர் | மாதம் 1,000 ரூபாய் | படிப்பில் இடைநிற்காமை |
| மத்தியத் துறை உதவித்தொகை | வாரியத் தேர்வில் 80ஆம் சதமானத்துக்கு மேல். குடும்ப வருமானம் 4.5 லட்சம் வரை | முதல் மூன்றாண்டுகள் ஆண்டுக்கு 12,000. பிறகு 20,000 ரூபாய் | 50 விழுக்காடு மதிப்பெண், 75 விழுக்காடு வருகை |
| பிரகதி | ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பப் படிப்பு. வருமானம் 8 லட்சம் வரை | ஆண்டுக்கு 50,000 ரூபாய் | அடுத்த ஆண்டுக்குத் தேர்ச்சி |
| இன்ஸ்பயர் | வாரியத் தேர்வில் முதல் 1 விழுக்காடு. அடிப்படை அறிவியல் படிப்பு | ஆண்டுக்கு 80,000 ரூபாய் | கல்லூரியில் நல்ல மதிப்பெண், ஆய்வுப் பயிற்சி |

விதிகளும் தொகைகளும் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படித்த பிறகே முடிவு எடுக்க வேண்டும்.

## உள்ளூர் விருது

உள்ளூர் விருதின் முதல் பலம் போட்டியின் அளவு. ஒன்றியத்துக்குள்ளோ ஒரே பள்ளிக்குள்ளோ நடக்கும் தேர்வில் போட்டியாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருப்பார்கள். தலைமையாசிரியரின் பரிந்துரைக் கடிதத்தை உண்மையாகவே படித்துப் பார்ப்பவர்கள் அங்கே இருப்பார்கள். மதிப்பெண் சான்றிதழில் இடம்பெறாத செய்திகளும் கணக்கில் வரும்: தாயை இழந்த வீட்டில் தம்பியை வளர்த்துக்கொண்டே படித்தவள், மாவட்ட அளவில் கபடி ஆடியவள், கிராம நூலகத்தைத் திறந்து வைத்துப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியவள். அரசு இணையதளத்தின் படிவத்தில் இவற்றை எழுதுவதற்குக் கட்டம் கிடையாது.

இரண்டாவது பலம் வேகம். முடிவுகள் வெளியான சில வாரங்களிலேயே காசோலை கைக்கு வந்துவிடுவதால், சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், கவுன்சலிங் போகும் செலவு, முதல் பருவத்துக்கான புத்தகங்கள் ஆகியவற்றை அதிலிருந்து சமாளிக்க முடியும். அரசுப் பணம் வருமுன் வரும் வெறுமையான மாதங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பணம் வேறில்லை.

பலவீனமும் வெளிப்படையானது. மேடையில் 10,000 ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், கைதட்டலுக்கு நடுவே அது பெரிய தொகையாகவே தெரியும்; மூன்றாண்டுப் படிப்புக்குப் பங்கிட்டால் மாதம் 280 ரூபாய்கூட வராது. எனவே உள்ளூர் விருதை நம்பிக் கட்டணம் அதிகமுள்ள கல்லூரியில் சேர்வது, முதலாண்டு முடிவதற்குள்ளேயே குடும்பத்தைக் கடனில் தள்ளும்.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம்; அவற்றுள் பல பணமாகவே தெரிவதில்லை. விழா நாளில் தந்தையோ தாயோ ஒருநாள் கூலியை இழக்கிறார்கள். வெளியூரென்றால் பேருந்துச் செலவும் சேர்கிறது. சில அமைப்புகள் "உதவித்தொகை" என்ற பெயரில் தருவது வட்டியில்லாக் கடனாக இருக்கும். வேலைக்குச் சென்றபின் திருப்பித் தர வேண்டும் என்ற வரி விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அது தவறான ஏற்பாடு அன்று, ஆனால் மாணவி அதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். சில அறக்கட்டளைகள் குறிப்பிட்ட கல்லூரியில் சேர்ந்தால் மட்டுமே பணம் தரும். அந்தக் கல்லூரியின் கட்டணம் அரசுக் கல்லூரியைவிட அதிகமாயின், பரிசு கட்டண வேறுபாட்டுக்கே போய்விடும்.

இவற்றைவிட நுட்பமான விலை ஒன்று உண்டு. நன்கொடையாளரின் பெயரோடு மாணவியின் புகைப்படமும் குடும்ப வறுமையும் பதாகையில் அச்சாவதை எல்லா மாணவியரும் விரும்புவதில்லை. சமுதாயச் சங்கம் தரும் பரிசாக இருந்தால், அந்த அடையாளத்தோடு தன் பெயர் ஊரெங்கும் அறிவிக்கப்படுவதில் அவளுக்குச் சம்மதமா என்று பெற்றோர் ஒருமுறையேனும் கேட்க வேண்டும். நேர்காணல் வைக்கும் குழுக்களில், படிப்பின் நடுவே திருமணம் செய்துவைத்துவிட மாட்டீர்களே என்று பெற்றோரிடம் கேட்கப்படுவதும் உண்டு. கேட்பவரின் அக்கறை உண்மையானதாகவே இருக்கலாம். ஆயினும் இதே கேள்வியை ஒரு பையனின் பெற்றோரிடம் கேட்க மாட்டார்கள் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தெரியும்.

உள்ளூர் அமைப்புகள் எல்லாவற்றையும் ஒருமுறைப் பரிசு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. பட்டப்படிப்பு முடியும்வரை கைவிடாமல் நடத்திச் செல்லும் தன்னார்வ அமைப்புகளும் தமிழ்நாட்டில் உள்ளன. நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் 'விதை' திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளியில் படித்த, குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவ மாணவியருக்குக் கல்லூரி இடத்தையும் தங்குவதற்கான வசதியையும் ஏற்பாடு செய்து வருகிறது. இத்தகைய உதவியைத் தொகையாக மட்டும் மதிப்பிட முடியாது. கல்லூரியில் வழிகாட்டுவதற்கு ஆள் இருப்பது, குடும்பத்தில் எவரும் கல்லூரி வாசலை மிதிக்காத மாணவிக்குப் பணத்தைவிடப் பெரிய ஆதரவு. ஆனால் வீடு தேடி வந்து விசாரித்துத் தேர்வு செய்யும் முறை என்பதால், மதிப்பெண் மட்டும் இருந்தால் போதாது. தேவையும் இருக்க வேண்டும்.

உள்ளூர் விருது சிறந்த தேர்வாக அமைவது, அரசுத் திட்டங்களின் வருமான வரம்பாலோ படிப்பு வரம்பாலோ வெளியே நிறுத்தப்பட்ட மாணவிக்கும், முதல் மாதங்களின் கட்டணத்துக்கு வேறு வழியில்லாத மாணவிக்கும்தான்.

## புதுமைப் பெண்

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் 1989இல் தொடங்கப்பட்டது. பின்னாளில் தாலிக்குத் தங்கமும் அதில் சேர்ந்தது. அத்திட்டம் அதே பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் என்ற அழைப்புப் பெயரோடு நடைமுறைக்கு வந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அம்மையாரின் பெயருக்கு இந்தப் புதிய வடிவமே அதிகம் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

இத்திட்டத்தில் மதிப்பெண் வரம்பு இல்லை; குடும்ப வருமான வரம்பு இல்லை; ஒரு வீட்டில் எத்தனை பெண்கள் படித்தாலும் அத்தனை பேருக்கும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்திருக்க வேண்டும் என்பதே அடிப்படைத் தகுதி. தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்புவரை படித்து, ஒன்பதாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் தகுதி பெறுகிறார்கள். பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது விரிவாக்கப்பட்டது. பட்டப்படிப்பு, பட்டயப்படிப்பு, ஐடிஐ ஆகிய எதில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். தொலைதூரக் கல்விக்கு இல்லை. மாணவி தனியாக அலைய வேண்டியதில்லை, கல்லூரியே பதிவு செய்கிறது.

இதன் பெரிய நன்மை, வேறு உதவித்தொகை பெறுபவரும் இதைக் கூடுதலாகப் பெறலாம் என்று திட்டமே அனுமதிப்பது. மாதந்தோறும் வருவதால் பேருந்து, உணவு, ஜெராக்ஸ் போன்ற சில்லறைச் செலவுகளுக்கு வீட்டில் கையேந்த வேண்டிய நிலை குறைகிறது. தன் பெயரிலுள்ள கணக்கில் தனக்கென்று பணம் வருவது, படிப்பை நிறுத்தச் சொல்லும் வீட்டில் மாணவியின் பக்கம் ஒரு வாதமாகவும் நிற்கும். குறை, பெரிய கட்டணம் எதையும் இது அடைக்காது என்பதுதான்.

## மத்தியத் துறை உதவித்தொகை

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டிய இத்திட்டத்தில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 புதிய உதவித்தொகைகள் உள்ளன. அவற்றில் பாதி பெண்களுக்கு. 80ஆம் சதமானம் என்பதை 80 விழுக்காடு மதிப்பெண் என்று எண்ணிக்கொள்ளும் தவறு பரவலாக இருக்கிறது. அந்த வாரியத்தில், அந்தப் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களுள் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வர வேண்டும் என்பதே அதன் பொருள். தாராளமாக மதிப்பெண் கிடைக்கும் ஆண்டில் 85 விழுக்காடு பெற்றவரும் வெளியே நிற்க நேரிடலாம். தகுதி இருந்தாலும் மாநில ஒதுக்கீட்டுக்குள் தரவரிசையில் வந்தால்தான் தொகை கிடைக்கும்.

இங்கேதான் நான் முன்பு சொன்ன ஐந்தாவது கேள்வி முக்கியமாகிறது. வேறு எந்த உதவித்தொகையையும், மாநில அரசின் திட்டங்களையும் கட்டணச் சலுகையையும் உட்பட, பெறுபவர்கள் இதற்குத் தகுதியற்றவர்கள் என்பது இத்திட்டத்தின் விதி. இப்போது கணக்கைப் பாருங்கள். புதுமைப் பெண் பன்னிரண்டு மாதமும் வந்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். மத்தியத் துறைத் தொகையும் முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிப்புகளில் இரண்டும் 36,000 ரூபாய்தான். நான்காண்டுப் பொறியியல் படிப்பில் புதுமைப் பெண் 48,000, மத்தியத் துறைத் தொகை 56,000; வேறுபாடு 8,000 ரூபாய். இந்த 8,000 ரூபாய்க்காக மதிப்பெண் நிபந்தனை, வருகை நிபந்தனை, ஆண்டுதோறும் புதுப்பித்தல், தாமதமாக வரும் பணம் ஆகிய அனைத்தையும் ஏற்றுக்கொண்டு, மாதந்தோறும் நிபந்தனையின்றி வரும் தொகையையும் கட்டணச் சலுகையையும் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அரசுப் பள்ளி மாணவி என்றால், இத்திட்டம் பெயரளவில் பெரியது, பையளவில் சிறியது.

தனியார் பள்ளியில் படித்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, வேறு சலுகை எதுவும் பெறாத மாணவிக்கு மட்டும் இது நல்ல தேர்வு. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த தொழிற்படிப்பில் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கும் 20,000 வீதம் கிடைப்பதால், மொத்தம் 76,000 ரூபாய் வரை சேரும்.

## பிரகதி

பொறியியல் அல்லது பாலிடெக்னிக்கில் சேரும் மாணவிக்கு இதற்கு நிகரான அரசு உதவித்தொகை குறைவு. ஏஐசிடிஇ வழங்கும் இத்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். பட்டப்படிப்பில் நான்காண்டுகளுக்கு 2 லட்சம், பட்டயப்படிப்பில் மூன்றாண்டுகளுக்கு 1.5 லட்சம். பட்டப்படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் பட்டயப்படிப்புக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் தரவரிசைக்கு அடிப்படை. ஒரு குடும்பத்தில் இரு பெண்கள்வரை பெறலாம். கட்டணத்துக்கு மட்டுமின்றிக் கணினி, புத்தகம், மென்பொருள் வாங்கவும் பயன்படுத்தலாம் என்பது கூடுதல் வசதி. வருமான வரம்பு 8 லட்சம் என்பதால், ஏழைகளுக்கான திட்டங்களிலும் இடம் கிடைக்காமல் வசதியுள்ளவர்களைப் போலக் கட்டணம் கட்டவும் முடியாமல் நடுவில் நிற்கும் குடும்பங்களுக்கு இது பெரிய துணை.

போட்டி கடுமையானது, இடங்கள் நாடு முழுவதற்கும் சில ஆயிரங்களே. கிடைக்கும் என்று நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. வேறு அரசு உதவித்தொகையோடு சேர்த்துப் பெறக் கூடாது என்ற நிபந்தனை இதற்கும் உண்டு. அரியர் விழுந்து அடுத்த ஆண்டுக்குப் போக முடியாமல் நின்றால் தொகையும் நின்றுவிடும். பொறியியலின் முதலாண்டுக் கணிதத்தில் அரியர் வைப்பது எவ்வளவு இயல்பானது என்று படித்தவர்களுக்குத் தெரியும். எனவே இத்தொகையைப் பெறுபவர் தேர்ச்சிக்கான ஒழுங்குமுறை விதிகளைத் தம் கல்லூரியில் முதல் மாதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவி 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் பெற்றிருந்தால் நிலைமை வேறு. அவருடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் மாநில அரசே ஏற்கிறது. அதைப் பிரகதிக்காகப் பணயம் வைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

## இன்ஸ்பயர்

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இத்திட்டம் தொகையில் எல்லாவற்றிலும் பெரியது: ஆண்டுக்கு 80,000 ரூபாய், அதில் 60,000 நேரடித் தொகை, 20,000 கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு. வருமான வரம்பு கிடையாது. தன் வாரியத் தேர்வில் முதல் 1 விழுக்காட்டுக்குள் வந்து, இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல் போன்ற அடிப்படை அறிவியலில் இளநிலைப் பட்டமோ ஒருங்கிணைந்த முதுநிலைப் பட்டமோ படிக்க வேண்டும். ஐந்தாண்டுகள்வரை தொடரலாம் என்பதால் மொத்தம் 4 லட்சம் ரூபாய்.

இதன் மறைமுக விலை படிப்பின் தேர்விலேயே அடங்கியிருக்கிறது. முதல் 1 விழுக்காட்டில் வரும் மாணவிக்கு மருத்துவமோ பொறியியலோ பெரும்பாலும் எட்டும் தூரத்தில் இருக்கும். அவற்றில் சேர்ந்தால் இத்தொகை இல்லை. 80,000 ரூபாய் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, விருப்பமில்லாத பெண்ணை பி.எஸ்சி. இயற்பியலில் சேர்க்கும் பெற்றோரும், இயற்பியலில் உயிராக இருக்கும் பெண்ணைப் பொறியியலுக்குத் தள்ளும் பெற்றோரும் ஒரே பிழையை இரு முனைகளிலிருந்து செய்கிறார்கள். அறிவியலை ஏற்கெனவே தேர்ந்துவிட்ட மாணவிக்கு, இதைவிட்டு வேறொன்றை யோசிக்கவே தேவையில்லை.

## கட்டணச் சலுகையை மறந்துவிட வேண்டாம்

உதவித்தொகை என்ற பெயரில் வராததால் ஒப்பீட்டிலிருந்து விடுபட்டுப்போவது முதல் பட்டதாரிச் சலுகை. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் என எவரும் பட்டம் பெறாத குடும்பத்து மாணவி, ஒற்றைச்சாளரக் கவுன்சலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது போய்விடும். ஊரில் ஒரு விருது கிடைத்த உற்சாகத்தில் கவுன்சலிங்குக்குக் காத்திராமல் நேரடியாக இடம் வாங்கும் குடும்பம், விருதுத் தொகையைப் போலப் பல மடங்கை அந்த ஒரு முடிவிலேயே இழக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை, 2.5 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்குரியது. அதையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

## யாருக்கு எது

அரசுப் பள்ளியில் படித்து அரசு கலைக் கல்லூரியில் சேரும் மாணவிக்குப் புதுமைப் பெண் அடித்தளம். அதன்மேல் உள்ளூர் விருது எத்தனை கிடைத்தாலும் ஏற்கலாம். மத்தியத் துறைத் தொகையை அவர் துரத்த வேண்டியதில்லை.

தனியார் பள்ளியில் படித்து, கவுன்சலிங் வழியாகப் பொறியியலில் சேரும், வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள மாணவி பிரகதிக்கு முதலிடம் தர வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகையும் அவருக்கு உண்டு என்றால், இரண்டையும் சேர்த்துப் பெற முடியாமல் போகலாம் என்பதால், அவருடைய கல்லூரியில் அச்சலுகையால் குறையும் தொகை எவ்வளவு என்று அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டு, நான்காண்டுக்குப் பெருக்கி, 2 லட்சத்தோடு ஒப்பிட்ட பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும்.

செவிலியர், சட்டம், வேளாண்மை ஆகியவற்றில் சேர்பவர்களுக்கு பிரகதியும் இல்லை, இன்ஸ்பயரும் இல்லை. குடும்ப வருமானம் 5 லட்சமாக இருந்து, தனியார் பள்ளியில் படித்து, பி.ஏ. தமிழோ வரலாறோ எடுத்த மாணவியின் நிலை இன்னும் இறுக்கமானது. மேலே சொன்ன அரசு உதவித்தொகைகளில் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தாது. இத்தகைய மாணவியருக்கு உள்ளூர் அறக்கட்டளைதான் ஒரே வழி. விருது வழங்கும் அமைப்பினர் இதைப் படிக்க நேர்ந்தால், எப்போதும் அறிவியல் பிரிவில் முதல் மதிப்பெண் பெற்றவருக்கே பரிசைத் தராமல், கலைப் பிரிவுக்கென ஒன்றை ஒதுக்குவது பற்றி எண்ணிப் பார்க்கலாம். முதல் மதிப்பெண் பெற்ற அறிவியல் மாணவியைத் தேடி வரப் பலர் இருக்கிறார்கள்.

## விண்ணப்பிக்கும் வரிசை

சான்றிதழ்களில் தொடங்க வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வருவாய்த் துறை விசாரணை முடிந்து வர நாளாகும். தேர்வு முடிவுக்குக் காத்திராமல் ஏப்ரலிலேயே தொடங்குவது நல்லது. வங்கிக் கணக்கு மாணவியின் பெயரில் இருக்க வேண்டும். ஆதார் எண் அந்தக் கணக்கோடு அரசுப் பணம் பெறுவதற்காக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, இந்த இணைப்பு வேறு. கிளையில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். மதிப்பெண் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்துகளும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இல்லாவிட்டால், அதை முதலில் திருத்த வேண்டும்.

உள்ளூர் விருதைப் பெறும்போது, அது ஒருமுறைப் பரிசா, தொடர் உதவியா, திருப்பித் தர வேண்டிய தொகையா என்று தெளிவாகக் குறிப்பிடும் கடிதம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அரசு விண்ணப்பத்தில் வேறு உதவி பெறுகிறீர்களா என்ற கேள்வி வரும். அங்கே மறைக்காமல் எழுதிவிட்டு, கல்லூரியில் உதவித்தொகைக்குப் பொறுப்பான அலுவலரிடம் அக்கடிதத்தைக் காட்டி ஒப்புதல் பெறுவது, பின்னாளில் தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதம் வராமல் காக்கும். சேர்த்துப் பெற முடியாத இரண்டு திட்டங்களுக்குத் தகுதி இருந்தால், முடிவு தெரியும்வரை காத்திருந்து, கிடைத்ததை உறுதிசெய்த பிறகே மற்றதை விட வேண்டும். கிடைக்காத தொகைக்காகக் கையிலிருப்பதைக் கைவிட வேண்டாம்.

மத்தியத் துறை, பிரகதி, இன்ஸ்பயர் ஆகிய மூன்றுக்கும் புதிய விண்ணப்பம் கல்லூரியின் தொடக்கத்தில் மட்டுமே. பிரகதியில் நேரடியாக இரண்டாமாண்டில் சேர்பவர்களுக்கு மட்டும் அப்போது வாய்ப்பு உண்டு. முதலாண்டில் கடைசித் தேதியைத் தவறவிட்டவர்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறப்பதில்லை. உள்ளூர் அறக்கட்டளைகளில் பல இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவியரின் விண்ணப்பங்களையும் ஏற்கின்றன. ஆகவே முதலாண்டில் அரசுத் தொகை கிடைக்காத மாணவி, பருவத் தேர்வு மதிப்பெண் பட்டியலையும் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, பிளஸ் டூ முடித்தபோது தன்னைத் தேர்ந்தெடுக்காத அதே அறக்கட்டளையிடம் அடுத்த மே மாதம் மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.